டொக்காராவுக்கு இப்ப எப்படி இருக்கு?

உடைமரத்துவிளை உப்பளத்தில் பதினேழு வருஷம் உப்பு வாரிய சந்தனமாரி, பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தன் வலது குதிகாலைக் காட்டிவிட்டு வெளியே வந்து, டாக்டரம்மா சொன்ன ஒரே ஒரு பேச்சை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியை விட்டு விலகி, நொண்டி நொண்டி இரண்டு தெரு தாண்டி, பழைய காமிரா விற்கிற ஜெபராஜ் அண்ணாச்சி கடையின் படியில் ஏறினாள். டாக்டரம்மா சொன்னது இதுதான்: "இந்தப் புண்ணோட இன்னொரு வருஷம் உப்புத்தண்ணியில நின்னேன்னா, அடுத்த வருஷம் நிக்கதுக்குக் காலு இருக்காது." கட்டினவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை குட்டி இல்லை, கஞ்சி ஊற்ற அந்தக் கால் இரண்டும்தான் இருந்தன. அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

மழை பெய்கிற மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போகிறவர்களோடு கூடப்போய் லைட்டுப் பிடித்தவள் சந்தனமாரி. மூன்று வருஷம் லைட்டுப் பிடித்த கைக்குக் காமிரா பிடிக்கத் தெரியாதா என்ன என்று அவள் நினைத்தாள். நினைத்தால் நினைத்ததுதான், அவளை மாற்ற அந்த ஊரில் ஆள் கிடையாது.

ஜெபராஜ் அண்ணாச்சி கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு, கறுப்பாய், கனமாய், பார்த்ததும் மரியாதை வருகிற மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது டொக்காரா. ஜப்பான்காரன் சாமான். கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது. முன்னால வச்சிருந்தவரு துணியைச் சுத்தி பீரோவுக்குள்ளேயே வச்சிருந்தாரு."

"அப்ப ஏன் பாதி விலைக்குக் குடுக்கிய?"

ஜெபராஜ் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பழைய சாமான் வியாபாரத்தில் அது பெரிய குறை. "கம்பெனி நிலைமை சரியில்லம்மா," என்றார். "விக்கப் போறான்னு ஒருத்தன் சொல்லுதான், மூடப் போறான்னு ஒருத்தன் சொல்லுதான். அவன் செய்யுத பேட்டரிதான் இதுக்குச் சேரும், வேற எவன் பேட்டரியும் சேராது. நாளைக்கு அவன் இல்லேன்னா இதுக்கும் ஆயுசு அவ்வளவுதான்."

"இன்னைக்குப் படம் எடுக்கும்லா?"

"இன்னைக்கு ஜம்முனு எடுக்கும்."

"என் காலும் அப்படித்தான் அண்ணாச்சி கிடக்கு. குடுங்க."

காதில் கிடந்த கம்மல் காமிராவாக மாறிய கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் வெறுங்காதோடு பஸ் ஏறினாள், மடியில் டொக்காரா இருந்தது.

மறுநாள் மத்தியானம், உப்பளத்தில் கஞ்சி குடிக்கிற நேரத்தில், யாரை முதலில் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல், கூடவே பதினேழு வருஷம் உப்பு வாரிய பவளத்தை வரப்பில் நிறுத்தி, கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்து, "சிரி மதினி, அழுவுத மாதிரி நிக்காத," என்று சொல்லிச் சந்தனமாரி பொத்தானை அமுக்கினாள். டிக்கென்று ஒரு சத்தம். பவளம் தரையை விட்டு நாலு விரற்கடை உயரம் மேலே எழுந்து அங்கேயே நின்றாள்.

பக்கத்தில் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "மேல நிக்கா பாரு," என்றாள். இன்னொருத்தி குனிந்து, பவளத்தின் பாதத்துக்கும் வரப்புக்கும் நடுவில் கையை விட்டு அளந்து, "நாலு விரலு," என்றாள். பவளம் ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள், இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள், பிறகு பாத்திக்குள் இறங்கினாள். தண்ணீர் கீழே கிடந்தது, அவள் மேலே நடந்தாள். வெடித்துக் கிடந்த அவள் பாதத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படவில்லை. அவள் அந்தப் பாத்தியின் நடுவில் நின்றுகொண்டு, வாய்விட்டு, ஒரு மறைவுமில்லாமல் அழுதாள். வலியில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? அன்று சாயங்காலத்துக்குள் பாத்தியில் வேலை செய்த இருபத்துமூன்று பெண்களும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், இருபத்துமூன்று பேரும் மேலே எழுந்தார்கள். சந்தனமாரியைப் பவளம் எடுத்துப் பார்த்தாள், மற்றவர்களும் ஆளுக்கொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். படம் அழகாக விழுந்தது, அவள் மட்டும் எழவில்லை. காசு கொடுத்து வாங்கினவளுக்கு அது வேலை செய்யாது என்று எல்லாருக்கும் விளங்கியது. "போகட்டும், நான்தான் பாத்திக்கே வரப் போறதில்லையே," என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள், பிறகு எழுந்து உலை வைத்தாள்.

ஊருக்கு இது பழக ஒரு வாரம் ஆனது. புருஷன்மார்களுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பெண்டாட்டி வருகிற காலடிச் சத்தம் கேட்பதில்லை, சீட்டு விளையாடுகிற இடத்தில் திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். பாய் விரித்தும் பயனில்லை, பாய்க்கு மேலே நாலு விரல் விட்டுத்தான் படுத்தார்கள். மினிபஸ் கண்டக்டர், ஏறும்போது தலை இடிக்கிறது என்று படியருகே துணி கட்டி வைத்தார். சத்து மாத்திரை கொடுக்க வந்த சுகாதார நர்ஸு எடை பார்க்கும் மெஷினில் பவளத்தை ஏற்றிப் பார்த்து, முள் நகராததைப் பார்த்து, மெஷினைத் தட்டிப் பார்த்து, கடைசியில் எடை என்ற கட்டத்தில் "ஆரோக்கியமாக இருக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போனார். அம்மன் கோயில் சித்திரைக் கொடை விழாவில் பூக்குழி இறங்க நேர்ந்திருந்த ஆறு பேர் விஷயத்தில்தான் கோயில் கமிட்டி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. நாலு விரல் மேலே நடந்தால் நேர்த்திக்கடன் சேருமா சேராதா? சேராது என்று தீர்ப்பானது. சந்தனமாரி அந்த ஆறு பேரின் படத்தையும் காமிராவிலிருந்து அழித்தாள், அவர்கள் தொப்பென்று தரைக்கு வந்து, நெருப்பில் இறங்கி, அம்மனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மஞ்சள் துணியோடு வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.

சந்தனமாரி நினைத்திருந்த கல்யாண வீட்டுத் தொழில்தான் நடக்கவில்லை. முதல் கல்யாணத்திலேயே பெண் அம்மி மிதிக்க முடியாமல் அம்மிக்கு மேலே காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள், மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள், படத்தை அழித்து இறக்கித்தான் தாலி கட்ட வைக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் இருபத்துமூன்று பேரும் அவளைப் பட்டினி போடவில்லை. முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒருத்தி வீட்டுச் சோறும் மீன்குழம்பும் அவள் வீட்டுக்கு வந்தது. அவளுக்கு ஒரே வேலைதான். டொக்காராவைச் சாகாமல் பார்த்துக்கொள்வது.

அந்த வேலையின் அருமை வைகாசியில், காற்றடித்து மின்கம்பம் சாய்ந்து இரண்டு நாள் கரண்டு இல்லாமல் போனபோது தெரிந்தது. பேட்டரி தீர்ந்த அந்த நொடியில், யார் யார் எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கே இறங்கினார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, மாதாகோயிலில் முழங்காலிட்டபடி ஒருத்தி, முள்ளுக்காட்டில் விறகு பொறுக்கப் போன ஒருத்தி. முள்ளுக்காட்டில் இறங்கியவள் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது, ஏனென்றால் அதற்குள் அவர்கள் பாதமெல்லாம் ஆறி, வெடிப்பெல்லாம் மூடி, அன்று பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் போல ஆகியிருந்தது. கரண்டு வந்ததும் பேட்டரி ஏறியது, அவர்களும் ஏறினார்கள். ஆனால் அன்றிலிருந்து உடைமரத்துவிளைக்கு ஒரு புதுக் கவலை பிடித்துக்கொண்டது. இந்த ஒரு பேட்டரி எத்தனை நாளைக்கு? இது போனால் இன்னொன்று செய்து கொடுக்க அந்த ஜப்பான்காரன் இருப்பானா?

டீக்கடையில் பேப்பர் படிக்கிறவரிடம் வியாபாரச் செய்திகளை முதலில் படிக்கச் சொன்னார்கள். குழாயடியில் குடம் வைத்ததும், "டொக்காராவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. "நேத்துக் கொஞ்சம் தேவலையாம், யாரோ பணம் போடுதேன்னு சொல்லியிருக்கானாம்." "அவன் போட மாட்டான் பாத்துக்கோ, அவன் முழியே சரியில்ல." அந்த முழியை யாரும் பார்த்ததில்லை, இருந்தாலும் பேச்சு அப்படித்தான் நடந்தது. இசக்கியம்மன் கோயிலில் கம்பெனி பெயருக்கு அர்ச்சனை வைத்தபோது பூசாரி நட்சத்திரம் கேட்டார். ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கம்பெனி ஆரம்பித்த தேதியைக் கேட்டு வாங்கி, பஞ்சாங்கத்தைப் புரட்டினால் கேட்டை வந்தது. பூசாரி கூடுதலாக ஒரு சூடம் ஏற்றினார். மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தில், நோயாளிகளுக்காகவும் கடலில் தொழில் செய்வோருக்காகவும் வேண்டிய பிறகு, டொக்காரா கம்பெனிக்காகவும் வேண்டினார்கள்.

சந்தனமாரி வேண்டுதலோடு நிற்கிறவள் இல்லை. கம்பெனிக்கே ஒரு கடிதம் எழுதினாள், அல்லது அவள் சொல்லச் சொல்ல ஜெபராஜ் எழுதினார். "நீங்கள் மூடக் கூடாது. உங்களை நம்பி இங்கே இருபத்துமூன்று பேர் நிற்கிறார்கள்." கூடவே பவளம் பாத்திக்கு மேலே நிற்கிற படமும் போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது. ஜெபராஜ் அதை மூன்று தடவை தனக்குள்ளே படித்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் ஆதரவுக்கு நன்றின்னு போட்டிருக்கான். எதிர்காலத்தைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்கான்."

"நம்மளப் போலத்தான் இருக்கான் பாவம்," என்றாள் பவளம்.

இதற்கிடையில் உப்பளத்தில் ஒரு காரியம் நடந்துபோனது. அதைச் சொல்லும்போது இப்போதும் அந்தப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

காலுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று நாலு வருஷமாக அவர்கள் மனு கொடுத்து வந்தார்கள். முதலாளி குணசீலனிடம் கொடுத்து, தொழிலாளர் ஆபீஸில் கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் அந்த ஆனியில்தான் முதலாளி வாங்கிக் கொடுத்தே தீர வேண்டும் என்று தாக்கீது வந்திருந்தது. மாதிரிக்கு ஒரு சோடிகூட ஆபீஸில் வந்து இறங்கியிருந்தது. அந்த வாரத்தில்தான் கங்காணி பூலோகபாண்டி ஒரு தாளை நீட்டிக்கொண்டு, தேனாய்ப் பேசிக்கொண்டு வந்தான்.

"ஏம்மா, காத்துல நடக்குத ஆளுகளுக்கு எதுக்கு பூட்ஸு? ஏரோப்ளேனுக்குச் செருப்பு மாட்டுத மாதிரில்லா இருக்கு. வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. முதலாளியும் சந்தோசப்படுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருபத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் விரலை உருட்டினார்கள். அந்த நேரத்தில் உப்பளத்துக்கு வந்திருந்த சந்தனமாரி, தரையில் நிற்கிற ஒரே ஆள், உப்புத்தண்ணீர் என்றால் என்னவென்று இன்னும் குதிகாலில் வைத்திருக்கிறவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முதலாளி சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டு, கால் வலிக்காதவர்களுக்கு மத்தியான ஓய்வு எதற்கு என்று அதை நிறுத்தினார். பிறகு ஆறாம் பாத்தியைத் திறந்துவிட்டார். ஆறாம் பாத்தி அளத்தின் கோடியில், கடல் பக்கம் கிடந்தது. அதன் தண்ணீர் அவ்வளவு காரம், உப்பு அங்கே கண்ணாடிச் சில்லு மாதிரி விளையும், முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் ஆளை நிறுத்த யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இப்போது இருபத்துமூன்று பேரும் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை அதிலேயே நின்றார்கள்.

"ஒரு நா இது தீந்துபோகும் மதினி," என்றாள் சந்தனமாரி ஒருமுறை. "அன்னைக்கு நீங்க ஆறாம் பாத்தில நிப்பிய."

"அதுக்குத்தான நீ இருக்க," என்றாள் பவளம்.

அந்தப் பேச்சு சந்தனமாரியைத் தூங்கவிடாமல் செய்தது. பேட்டரி முதலில் மூன்று நாள் தாங்கியது, பிறகு ஒரு நாள், பிறகு அரை நாள். ஆவணி பிறந்தபோது அது வயிறு ஊதிக்கொண்டு, காமிராவுக்குள் நுழையவே அடம்பிடித்தது. ஜெபராஜ் அண்ணாச்சி மதுரையில் விசாரித்தார், சென்னையில் விசாரித்தார், எங்கேயும் இல்லை. "இனிமே இதை வச்சு ஓட்ட முடியாதும்மா," என்றார் போனில். சந்தனமாரி போனை வைத்துவிட்டு, ஊதிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் அன்று சிரித்த சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டாள். எப்படியும் அந்தத் தாளைத் திருப்பி வாங்கியே ஆக வேண்டும் என்று அவள் அப்போதுதான் உறுதி செய்துகொண்டாள்.

அது ஒரு சனிக்கிழமை. முதலாளி குணசீலன் சனிக்கிழமைதோறும் உப்பளத்து ஆபீஸுக்கு வருவார். காலை பதினோரு மணிக்கு, ஜன்னலோரம் வைத்திருந்த டொக்காராவில் சிவப்பு லைட்டு மினுக்க ஆரம்பித்தது. சார்ஜரில் போட்டாள், ஏறவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள், ஏறவில்லை. சிவப்பு லைட்டு வந்தால் அதன்பிறகு எவ்வளவு நேரம் என்பது அவளுக்கு மனப்பாடம். உலை வைத்து அரிசி வேகிற நேரம், அவ்வளவுதான். ஆறாம் பாத்தியில் இருபத்துமூன்று பேர், பிள்ளைப் பாதங்களோடு, கண்ணாடிச் சில்லுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். போன் போட வழியில்லை, வேலை நேரத்தில் கங்காணி எல்லாருடைய போனையும் வாங்கிக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தான்.

காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். அளத்தின் வாசலுக்கு வந்ததும் நின்றாள். வரப்பு வழியாகச் சுற்றிப் போனால் ஆறாம் பாத்திக்கு அரை மணி ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நேராகக் குறுக்கே போனால் பத்து நிமிஷம், ஆனால் நடுவில் ஐந்து பாத்தி, முழங்காலுக்குக் கீழே வரை உப்புத்தண்ணீர். அவள் குதிகாலில் புண் அப்போதுதான் மேல்தோல் மூடியிருந்தது. ஐந்து மாதமாக அவள் அந்தக் காலைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருந்தாள். உப்பு மூட்டைக்குப் போடுகிற பிளாஸ்டிக் பை ஒன்று வரப்பில் கிடந்தது, அதைக் காலில் சுற்றி முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, "வா போவோம்," என்று தன் காலிடமே சொல்லிவிட்டு இறங்கினாள்.

பை இரண்டாம் பாத்தியில் கிழிந்தது. மூன்றாம் பாத்தியில் புண் வாயைத் திறந்தது. எரிச்சல் குதிகாலில் ஆரம்பித்து, கெண்டைக்காலில் ஏறி, பல்லுக்குள் வந்து நின்றது. ஆறாம் பாத்தியின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு வலது சுண்டு விரலைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை. சந்தனமாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தத்தை ஆறாம் பாத்தியில் எல்லாரும் கேட்டார்கள், ஏனென்றால் மாதக்கணக்கில் அந்த அளத்தில் தண்ணீரில் யாரும் நடந்த சத்தமே இல்லை.

"ஏட்டி, கூறுகெட்டவளே, காலை எங்க கொண்டு வச்சிருக்க!" என்று கத்தினாள் பவளம்.

"காலு கிடக்கட்டும் மதினி. சிவப்பு லைட்டு எரியுது. இனி ஏறாது. இதான் கடைசி."

பலகைகள் அப்படியே நின்றன. ஒருத்தி கீழே, தன் பாதத்துக்கு அடியில் மின்னுகிற உப்பைப் பார்த்தாள். "வரப்புல ஏறி நின்னுக்கிடுவோம்," என்றாள்.

"வரப்புல எறங்கினா, நாளைக்கு மொதலாளி நம்மள மறுபடியும் பாத்தில எறக்குவான்," என்றாள் சந்தனமாரி. வலியில் அவள் குரல் கீச்சிட்டது. "எறங்குதது எறங்குதோம், அவன் ஆபீஸுல போய் எறங்குவோம். எழுதிக் குடுத்தத வாங்காம எந்திரிக்கக் கூடாது. அன்னைக்கு நான் வாயை மூடிட்டு நின்னேன். இன்னைக்குச் சொல்லுதேன், வாங்க."

பவளம் பலகையைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு, சந்தனமாரியின் ஒரு அக்குளில் தோளைக் கொடுத்தாள், இன்னொருத்தி மறு பக்கம் கொடுத்தாள், இரண்டு பேர் பின்னால் இடுப்பைப் பிடித்தார்கள். காமிராவை வாங்கின பாவத்துக்காக ஐந்து மாதம் தரையிலேயே நின்ற சந்தனமாரியின் பாதம் இரண்டும் தண்ணீரை விட்டு மேலே வந்தன. காமிரா செய்யாததை அவர்கள் செய்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு இருபத்துமூன்று பேரும் பாத்திகளுக்கு மேலாக, வரப்புகளுக்கு மேலாக, "எங்கட்டி போறிய? ஏய், நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு வரப்பு வரப்பாகச் சுற்றி ஓடி வந்த பூலோகபாண்டியைப் பின்னால் விட்டு, நேராக, காற்றில் நடந்து போனார்கள். அவள் காலிலிருந்து சொட்டிய ரத்தம் வெள்ளை உப்பில் வழி நெடுக விழுந்தது. அவள் வலியோடு சேர்ந்து சந்தோஷமும் பட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

முதலாளி குணசீலன் மேஜையில் இளநீரை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் அறை நிறைந்ததை அவர் பார்க்கவில்லை. வெளிச்சம் குறைகிறதே என்று தலையை நிமிர்த்தியபோது சுவர் முதல் சுவர் வரை பெண்கள் நின்றார்கள். அவர் வாயைத் திறக்கும்முன் சந்தனமாரியின் நெஞ்சில் தொங்கிய டொக்காராவின் சிவப்பு லைட்டு அணைந்தது. நாற்பத்தாறு பாதங்கள் ஒரே நேரத்தில் சிமெண்டுத் தரையைத் தொட்டன. இளநீர் கவிழ்ந்தது. பவளத்தின் தோளிலிருந்து வழுக்கிச் சந்தனமாரியும் இறங்கினாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன இது? வேலை நேரத்துல?" என்றார் முதலாளி.

"நாங்க எழுதிக் குடுத்த தாளைக் குடுங்க மொதலாளி," என்றாள் பவளம். "பூட்ஸு வேணும். மத்தியான ஓய்வு வேணும். அதுவரைக்கும் பாத்தில எறங்க மாட்டோம்."

"வேண்டாம்னு நீங்கதான எழுதிக் குடுத்திய? காமிரா கெட்டுப்போச்சுன்னா அந்த ஜப்பான் கம்பெனிகிட்டப் போய்க் கேளுங்க."

"அது இருக்குமோ இருக்காதோ, யாருக்குத் தெரியும்," என்றாள் சந்தனமாரி, புண் பட்ட காலை அவர் பார்க்கும்படி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு. "நீங்க இருக்கியள்லா."

பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர், குழாயடியில் பேச்சை மாற்றிக்கொண்டது. பூசாரி அர்ச்சனையில் இருபத்துநாலு பெயர் வாசித்தார், சீட்டு விளையாடுகிற புருஷன்மார்கள் சோறு பொங்கித் தூக்கில் கொண்டுவந்தார்கள், சுகாதார நர்ஸு வந்து சந்தனமாரியைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆறாம் பாத்தியில் வாராத உப்பு இறுகிப் பாறையாகிக்கொண்டிருந்தது, அதைத் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பூலோகபாண்டியின் முகமும் இறுகிக்கொண்டே வந்தது. டொக்காரா கம்பெனியை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று ஒரு பேப்பரிலும், மூடிவிட்டார்கள் என்று இன்னொரு பேப்பரிலும் வந்தது. டீக்கடையில் படித்தவர் இரண்டையும் சத்தமாகப் படித்தார், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மினி லாரியில் பூட்ஸ் வந்தது. முதலாளி தாளை அவர்கள் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டு, மத்தியான ஓய்வுக்கும் தலையாட்டிவிட்டு, "இருபத்துமூணு சோடி," என்றார்.

"இருபத்துநாலு," என்றாள் பவளம். மாதிரிக்கு வந்து ஆனியிலிருந்து ஆபீஸ் மூலையில் கிடந்த சோடியை அவளே போய் எடுத்துக்கொண்டாள்.

சந்தனமாரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் இருந்தது, சில்லு கிழித்த சுண்டு விரல் இல்லை. உப்புக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் மிச்சமிருந்தது. புண் ஆறி, டாக்டரம்மா முறைத்து முறைத்துக் கடைசியில் தலையாட்டிய பிறகு, ஒரு காலையில் அவள் அளத்துக்கு வந்தாள். அதுவரை மேட்டில் உப்பு மூட்டை கட்டி நாளைக் கடத்திய இருபத்துமூன்று பேரும் ஆறாம் பாத்தி வரப்பில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இறங்க மனசில்லாமல், மாதக்கணக்கில் தொடாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரிசையாய் நின்றார்கள். பவளம்கூட நின்றாள். சந்தனமாரி அவர்களைப் பார்த்தாள், வரப்பில் உட்கார்ந்து, வலது பூட்ஸின் முனையில் விரல் இல்லாத இடத்துக்குக் கொஞ்சம் துணியைத் திணித்து, காலை உள்ளே விட்டு, எழுந்து, பாத்திக்குள் இறங்கினாள். கண்ணாடிச் சில்லு காலுக்கடியில் நொறுங்கியது. நடுப்பாத்தி வரை போய் நின்று, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தண்ணி உள்ள வரல," என்றாள். "எறங்குங்க."